'செட்' என்ற சொல்லுக்கு 430 அர்த்தமா?

ஜனவரி 9, காலை

ஒரு வாசகர் கேட்டது: "ஆங்கிலத்தில் அதிக அர்த்தம் உள்ள சொல் 'செட்', மொத்தம் 430 அர்த்தம் என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டு, இத்தனையையும் படிக்கணுமா என்கிறாள். இது உண்மையா? உண்மை என்றால் யார் இதையெல்லாம் மனப்பாடம் செய்கிறார்கள்?"

ஜனவரி 9, இரவு

எண் சரிதான், ஆனால் பழசு. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருட்பிரிவுகள். அந்த ஒரு சொல்லுக்கான விளக்கமே சுமார் 60,000 சொற்கள், ஒரு நாவல் அளவு. அப்போது அகராதியிலேயே மிக நீளமான பதிவு அதுதான்.

பிறகு அகராதி முழுவதையும் திருத்தி எழுத ஆரம்பித்தார்கள். முதல் எழுத்தில் தொடங்காமல் 'எம்' எழுத்தில் தொடங்கினார்கள். அதனால் 2000இல் 'மேக்' முந்தியது. 2007இல் 'புட்', 2011இல் 'ரன்'. 'ரன்' வினைக்கு 645 பிரிவுகள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் உட்கார்ந்திருக்கிறார். ஆக, உங்கள் குழுவுக்கு வந்த செய்தி பத்து வருடத்துக்கும் மேல் தாமதம். வாட்ஸ்அப் கணக்கில் இது புதுச் செய்திதான்.

மனப்பாடமா? யாரும் செய்வதில்லை.

ஜனவரி 10

'430 அர்த்தம்' என்று சொல்லும்போதே ஒரு தவறான படம் மனதில் வந்துவிடுகிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 430 பொருள் ஒரு மூட்டையில் கிடப்பது போல. அகராதியில் இருப்பது அப்படி இல்லை. மேசையில் தட்டு, டம்ளர் எடுத்து வைத்தால் ஒரு பிரிவு. கடிகாரத்தில் அலாரம் வைத்தால் இன்னொன்று. பொறி வைத்தால், தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்தால், மோதிரத்தில் கல் பதித்தால், பாய் விரித்துக் கப்பல் கிளம்பினால், தீ வைத்தால், ஒவ்வொன்றும் தனித்தனிப் பிரிவு. போதாததற்கு 'செட் அப்', 'செட் ஆஃப்', 'செட் இன்', 'செட் அவுட்', 'செட் பேக்' என்று வால் ஒட்டிய கூட்டம் முழுவதும் அந்தப் பதிவுக்குள்ளேயே வருகிறது.

தமிழில் எழுதிப் பாருங்கள். மேசையில் தட்டு வை, அலாரம் வை, பொறி வை, கல் வை, தீ வை. எல்லாம் 'வை'தான். நமக்கு அது ஐந்து அர்த்தமாகத் தோன்றுவதே இல்லை. அகராதிக்காரர் வந்து கூறுபோட்டால்தான் ஐந்து.

ஜனவரி 10, சற்று நேரம் கழித்து

"ஆங்கிலத்துக்கு இப்படி ஒரு சொல் இருப்பது அதன் வளம், தமிழில் இப்படி உண்டா" என்று கேட்டவருக்கு: சட்டை போடு, டீ போடு, கோலம் போடு, கணக்குப் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, சத்தம் போடு, ஓட்டுப் போடு, ரோடு போடு, நாடகம் போடு, குட்டி போடு, நாமம் போடு. மூச்சு வாங்குகிறது. 'அடி', 'பிடி', 'எடு' எல்லாம் இன்னும் வரிசையில் நிற்கின்றன.

ஜனவரி 12

இப்போது எனக்குப் பிடித்த இடம். அகராதியில் 'செட்' ஒரே எழுத்துக் கூட்டில் இருந்தாலும், பிறப்பில் அது இரண்டு சொல். ஒரே தெருவில் இரண்டு முருகேசன் இருந்தால் தபால்காரர் குழம்புவாரே, அந்தக் கதை.

முதல் முருகேசன் வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்'. 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்கார வை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். திருந்து என்பதிலிருந்து திருத்து, உருள் என்பதிலிருந்து உருட்டு, அமர் என்பதிலிருந்து அமர்த்து வருவது மாதிரி, அவர்களிடமும் ஒரு காலத்தில் உள்ளே இருக்கும் உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை செய்யும் வழக்கம் இருந்தது. இன்று அதன் மிச்சம்தான் இருக்கிறது. 'லை' என்றால் படு, 'லே' என்றால் கிடத்து. 'ஃபால்' என்றால் விழு, 'ஃபெல்' என்றால் விழச் செய், அதாவது மரத்தை வெட்டிச் சாய். 'டிரிங்க்' என்றால் குடி. அதற்கும் ஒரு பிறவினை உண்டு, 'டிரெஞ்ச்', குடிக்க வை. இப்போது மழையில் தொப்பலாக நனைவதற்குத்தான் அந்தச் சொல்லை அதிகம் கேட்கிறோம். ஆனால் மாட்டுக்கு வாய் வழியாக மருந்து புகட்டுவதைக் கால்நடை மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். நமக்கு உண் என்பதிலிருந்து ஊட்டு வந்த மாதிரி.

இரண்டாவது முருகேசன் பெயர்ச்சொல். டீ செட், கம்மல் செட், ஒரு செட் துணி. தொகுதி, கூட்டம் என்ற பொருள். இது பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனத்தின் 'செக்தா' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்று பொருள். மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதற்கு உடன்பிறப்பு. டீ கப்புகளுக்கும் மதப் பிரிவுக்கும் பாட்டி ஒருத்திதான் என்று தெரிந்த நாளிலிருந்து நான் டீ செட்டைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கிறேன்.

ஜனவரி 12, இரவு

"அப்படியானால் வினை எல்லாம் முதல் வகை, பெயர் எல்லாம் இரண்டாம் வகை என்று வைத்துக்கொள்ளலாமா" என்று உடனே ஒரு பதில் வந்திருக்கிறது. முடியாது. சினிமா செட் பெயர்ச்சொல்தான், ஆனால் அது முதல் வகை. மேடையில் நிறுத்தி வைக்கப்பட்ட காட்சி என்பதிலிருந்து வந்தது. நாற்று நடுவது போல நடுவதற்கென்று விற்கும் வெங்காயத்தின் குட்டிக் குமிழ்களையும் ஆங்கிலத்தில் 'செட்' என்பார்கள். அதுவும் மண்ணில் வைப்பது என்பதால் முதல் வகை.

டிவி செட்? பாகங்களின் தொகுதி என்றும் சொல்லலாம், பொருத்தி வைத்த கருவி என்றும் சொல்லலாம். பேசுகிறவர் மனதில் இரண்டும் கலந்துதான் இருக்கும். சொற்பிறப்பு படிப்பது ஆசைக்கு நல்லது. பேசுகிற வாய் அதைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

ஜனவரி 13

ஜேம்ஸ் மரே தன் தோட்டத்து இரும்புக் கொட்டகையில் உட்கார்ந்து 'செட்'டை எழுதினார் என்று ஒருவர் போட்டிருக்கிறார். மரேதான் முதல் பதிப்பின் பெரிய பெயர், கொட்டகையும் உண்மை. ஆனால் எஸ் எழுத்தின் அந்தப் பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. முதல் பகுதி 1884இல் வந்து, 1928இல்தான் அகராதி முடிந்தது. மரே 1915இலேயே காலமாகிவிட்டார். பிராட்லியும் முடிவைப் பார்க்கவில்லை.

ஜனவரி 15

சூரியன் ஏன் 'செட்' ஆகிறது என்ற கேள்வி. 'உட்கார வை' என்பது பிறவினை என்றால் சூரியனை யார் உட்கார வைக்கிறார்கள்? நல்ல மடக்கு. பதில், 'செட்' மிகப் பழைய காலத்திலேயே தன்வினை வேலையையும் செய்ய ஆரம்பித்துவிட்டது. சூரியன் தானே இறங்கி அமர்கிறது. நம் ஊரில் பொழுது சாய்கிறது, மறைகிறது. கிராமத்தில் 'பொழுது அடைஞ்சிடுச்சு' என்பார்கள். கோழி கூட்டில் அடைவதற்கும் பொழுது அடைவதற்கும் ஒரே சொல். ஆங்கிலத்திலும் அடைகாக்கும் கோழிக்கு 'செட்' உண்டு. இரண்டு மொழியும் கோழியையும் சூரியனையும் ஒரே கூடையில் போட்டிருப்பதை நான் யாருக்குச் சொன்னாலும் நம்புவதில்லை.

இதே வகையில் இன்னொன்று, வேட்டை நாய். 'செட்டர்' என்று ஒரு நாய் இனம் உண்டு. பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்ததும் குரைக்காமல், பாயாமல், அப்படியே பதுங்கிப் படுத்துக் காட்டிக் கொடுக்கும். அந்தப் பதுங்கலுக்குத்தான் 'செட்'.

அப்புறம் சிமெண்ட். கொத்தனார் 'செட் ஆகட்டும், கால் வைக்காதீங்க' என்று சொல்வது முதல் வகைச் சொல்லின் நேரான வாரிசு. அசைவது நின்று ஓரிடத்தில் அமர்ந்துவிடுவது. இந்தியத் தர விதிப்படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டின் ஆரம்ப இறுக்கம் 30 நிமிடத்துக்குள் நடந்துவிடக் கூடாது, இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆலையில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். செட் ஆவது வேறு, பலம் ஏறுவது வேறு. செட் ஆன பிறகும் தண்ணீர் ஊற்ற வேண்டும், 28 நாள் பலத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வீடு கட்டும்போது இந்த வித்தியாசத்தை மேஸ்திரியிடம் சொல்லி, 'எனக்குத் தெரியாதா சார்' என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தயிரும் இந்த வகைதான். அவர்களுக்கு 'செட்' ஆகிறது, நமக்கு உறைகிறது அல்லது தோய்கிறது.

ஜனவரி 18

என் பிழைப்பு ஆங்கில மென்பொருள்களின் சொற்களைத் தமிழாக்குவது. இந்த வேலையில் 'செட்' அளவுக்கு என்னைப் படுத்திய சொல் வேறில்லை. வாக்கியம் வந்தால் பிரச்சினை கிடையாது. வருவது எக்செல் தாள். ஒரு கட்டத்தில் 'செட்' என்று மட்டும் இருக்கும், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இருக்காது. அது பொத்தானா, 'அமை' என்று போட வேண்டுமா? தலைப்பா, 'தொகுப்பு' என்று வர வேண்டுமா? நிலையைச் சொல்கிறதா, 'அமைக்கப்பட்டது' என்று எழுத வேண்டுமா? இந்த வினைக்கு நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றும் ஒரே வடிவம் என்பதால் வடிவத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலேயருக்கு ஒரே பொத்தானில் மூன்றும் அடங்கிவிடும். தமிழில் வினைமுற்றை எழுதின உடனே காலமும் ஏவலும் வெளியே தெரிந்துவிடும்.

ஒரு வானிலைச் செயலிக்கு வேலை செய்தபோது சந்தேகம் கேட்டு எழுதினேன். இடைத்தரகு நிறுவனம், 'எல்லா இடத்திலும் ஒரே சொல் இருக்கட்டும், சீராக இருக்கும்' என்று பதில் போட்டு, பழைய கோப்பில் இருந்த 'அமை'யை எல்லாக் கட்டத்திலும் நிரப்பிவிட்டார்கள். வெளியான செயலியில் சூரியப் படத்துக்குக் கீழே காலையில் 'உயர்வு', மாலையில் 'அமை'. சூரியனுக்கே கட்டளை. நல்லவேளை, அதில் மொழிபெயர்ப்பாளர் பெயர் போடுவதில்லை.

ஜனவரி 18, பின்குறிப்பு

"இதற்குச் செயற்கை நுண்ணறிவு போதாதா" என்று கேட்பவர்களுக்கு: வாக்கியம் கொடுத்தால் நன்றாகவே செய்கிறது. வெற்றுக் கட்டத்தைக் கொடுத்தால் அதுவும் நானும் ஒரே நிலைமைதான். வித்தியாசம், அது சந்தேகம் கேட்டு மின்னஞ்சல் போடாது.

ஜனவரி 21

மேலே எழுதியதை ஓட்டிப் பார்த்தபோது தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. சொல்லதிகாரத்தில் 'பல பொருள் ஒரு சொல்' என்றே பேச்சு வருகிறது. அதில் இரண்டு வகை. வினையால் வேறுபடுவது, வேறுபடாதது. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. வினை வந்து குழப்பத்தைத் தீர்க்கிறது. வினையோடு இனம், சார்பு என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் இனமான சொல்லையும், பேசும் சூழலையும் பார் என்கிறார்.

'செட்'டில் நிலைமை தலைகீழ். குழப்பமே வினையில் இருக்கிறது, தீர்ப்பது கூட வரும் பெயர். மேசை வந்தால் ஒன்று, எலும்பு வந்தால் ஒன்று, எலும்பு முறிந்தவருக்கு டாக்டர் செய்வது அதுதான். கல், கடிகாரம், கண்ணி, அச்செழுத்து, எது வருகிறதோ அதுவே பொருளைத் தருகிறது. ஆக நான் 10ஆம் தேதி சொன்னதை இன்னும் கூர்மையாகச் சொல்லலாம். 430இல் பெரும்பகுதி 'செட்'டுக்குச் சொந்தமில்லை, அதன் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. என் எக்செல் கட்டத்தில் பக்கத்து வீடே இல்லை, அதனால்தான் திண்டாட்டம்.

ஜனவரி 21, இரவு

யாரும் மனப்பாடம் செய்வதில்லை என்று முதல் நாள் எழுதினேனே, அது ஆங்கிலத்துக்குத்தான். நம் ஆட்கள் செய்தார்கள். செய்யுளில் எழுதிய பழைய அகராதியான சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதும் ஒருசொல் பல்பொருள்தான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாட்டாகவே ஒப்பித்தார்கள். அதற்காக உங்கள் மகளுக்கு யோசனை கொடுத்துவிடாதீர்கள்.

ஜனவரி 24

தமிழுக்கு வந்து சேர்ந்த 'செட்'டைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. பம்பு செட், மைக் செட், பல் செட், செட் தோசை. 'நாங்க ரெண்டு பேரும் ஒரே செட்டு' என்றால் ஒன்றாகப் படித்தவர்கள். 'எனக்கு இந்த வேலை செட் ஆகலை' என்றால் ஒத்துவரவில்லை. இந்தக் கடைசிப் பொருளில் ஆங்கிலேயரிடம் போய்ச் சொன்னால் விழிப்பார். பல் செட்டுக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இருக்கிறது. ஒரு செட் பல் என்று அவர்களும் சொல்வார்கள், ஆனால் நாம் அதைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போடும் அளவுக்கு உறுதியாக்கிவிட்டோம். 'செட்டிங்' என்றால் நம் ஊரில் முன்கூட்டியே பேசி முடித்த தில்லுமுல்லு. 'செட்டப்'பின் நம் ஊர்ப் பொருளை இங்கே விளக்கப் போவதில்லை, பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'செற்' என்று எழுதுவார்கள். அங்கே இன்டர்நெட்டும் இன்ரநெற்தானே.

ஜனவரி 24, மறுபடியும்

பதிவைப் போட்ட பிறகுதான் உறைத்தது, 'செட்டு' என்று நமக்கே ஒரு பழைய சொல் இருக்கிறதே! செட்டு என்றால் சிக்கனம். 'கட்டும் செட்டுமாகக் குடித்தனம் பண்ணுகிறாள்' என்று வீட்டுப் பெரியவர்கள் மெச்சுவார்கள். வணிகம் என்ற பொருளும் உண்டு. இங்கிலீஷ்காரன் கொண்டுவந்தது இல்லை. என் பாட்டி 'செட்டா இருக்கணும்' என்று சொன்னதை, என் தம்பி 'டிரெஸ் மேட்சிங்கா இருக்கணும்' என்று புரிந்துகொண்டு ஒரே நிறத்தில் பேண்ட்டும் சட்டையும் கேட்டான். அவர் சொன்னதற்கு நேர் எதிராகச் செலவு ஆனது.

ஆக, ஆங்கிலத்தில் இரண்டு முருகேசன். தமிழ்த் தெருவிலும் இரண்டு. நம் ஊர்க்காரர் வயதில் மூத்தவர், ஆனால் அவரை இப்போது அதிகம் வெளியில் பார்க்க முடிவதில்லை.

ஜனவரி 25

கணித ஆசிரியர் ஒருவர், 'செட் தியரியை விட்டுவிட்டீர்களே' என்கிறார். விடுவேனா. கேன்டர் 19ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையைத் தொடங்கியபோது ஜெர்மன் மொழியில் எழுதினார். அவர் நிலைநிறுத்திய சொல் 'மெங்கே', கூட்டம் அல்லது அளவு. ஆங்கிலத்தில் அது 'செட்' ஆனது, இரண்டாவது முருகேசன். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'கணம்'. இலங்கைப் பாடநூலில் 'தொடை'.

இரண்டையும் பாருங்கள். கணம் என்றால் கூட்டம், பூதகணம் என்கிறோமே அது. கணம் என்றால் நொடிப் பொழுதும் கூட, அது வடமொழி 'க்ஷணம்' தேய்ந்து வந்தது. வேறு வேறான இரண்டு சொல் தமிழில் ஒரே வடிவம் எடுத்துவிட்டன. 'செட்'டுக்கு நடந்தது அப்படியே அதன் மொழிபெயர்ப்புக்கும் நடந்திருக்கிறது. தொடை என்றால் தொடுத்தது, மாலை. எதுகை, மோனை எல்லாம் தொடைதான். காலில் இருப்பதும் தொடை. 'வெற்றுத் தொடை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு வகுப்பை அடக்குவது எப்படி என்று இலங்கை ஆசிரியர்கள்தான் சொல்ல வேண்டும். நமக்கு 'வெற்றுக் கணம்', கேட்கக் கவிதை மாதிரி இருக்கிறது.

ஜனவரி 27

டென்னிஸ் செட் எந்த வகை என்று கேட்டவருக்கு: ஆட்டங்களின் தொகுதி, இரண்டாம் வகை. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் ஆடிய கடைசி செட் 70-68. அந்தப் போட்டி மூன்று நாளில் மொத்தம் 11 மணி 5 நிமிடம் ஓடியது. சிமெண்டாக இருந்தால் இறுதி இறுக்கத்துக்கு விதித்த கெடுவே அதற்குள் முடிந்திருக்கும்.

செட்-டாப் பாக்ஸ் பற்றி: டிவி செட்டின் தலைமேல் வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். டிவி தட்டையான பிறகு தலையில் இடமில்லை, பெட்டி கீழே இறங்கிவிட்டது, பெயர் மட்டும் மேலே இருக்கிறது.

ஜனவரி 30

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "எல்லாம் சரி, மகளுக்கு என்ன சொல்ல" என்கிறார். நியாயம்தான்.

எண்ணை மறக்கச் சொல்லுங்கள். 'அசையாமல் ஓரிடத்தில் வை', 'ஒன்றாகச் சேர்ந்த தொகுதி' என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டால் பாடப்புத்தகத்தில் வரும் 'செட்'டில் முக்கால்வாசி திறந்துவிடும். வால் ஒட்டியவற்றை மட்டும் தனித்தனியாக, வாக்கியத்தோடு படிக்க வேண்டும். 'செட் இன்' என்றால் மழையோ குளிரோ வந்து நிலைத்துவிடுவது. ஜூன் மாதம் கேரளத்தில் பருவமழை ஆரம்பிக்கும்போது ஆங்கிலச் செய்தித்தாளில் தலைப்பாகவே வரும். நாம் 'மழை பிடிச்சுக்கிச்சு' என்போம். 'செட் ஆஃப்' என்றால் கிளம்பு, பட்டாசை வெடி, வருமான வரியில் நஷ்டத்தை லாபத்தில் கழி. இந்த மூன்றாவது அவளுக்கு இப்போது வேண்டாம்.

பெரிய அகராதியில் அந்தப் பக்கங்களை ஒருமுறை அவளிடம் காட்டுங்கள். படிக்க வேண்டாம், நீளத்தை மட்டும் பார்க்கட்டும்.

பிப்ரவரி 2

'ரன்' பற்றித் தனியாக எழுதச் சொல்லி மூன்று பேர். 645 பிரிவு, என்னால் ஆகாது. கிரிக்கெட் ரன்னை மட்டும் யாராவது ஆரம்பியுங்கள். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு ரன் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.